வேட்டியில் விழாத சொட்டு

கும்மிடிப்பூண்டி ஷெட்டுத் தம்பிகளுக்கு,

ஆயில் லீக்கைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். பேசக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று தெரிந்துதான் எழுதச் சொன்னீர்கள். அந்த மட்டுக்கும் உங்களுக்கு மூளை இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் அதை விட்டேன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் புதுவாயல் டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த பேப்பர்தான். எழுத்தில் அங்கங்கே எண்ணெய்க் கறை தெரிந்தால் தொழில் மரியாதை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் மெக்கானிக் ஆனதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. வண்டிக்கு அடியில் படுத்துவிட்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். என் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் என் கால்களோடுதான் பேசியிருக்கிறார்கள். கால்களும் என்னைவிட நன்றாகவே நடந்துகொண்டன. இப்போது முதுகு "போதும்" என்று சொல்லிவிட்டதால், ரிடையராகும் வயது வருவதற்கு முன்பே, வண்டிக்கு அடியில் போட்டுப் படுக்கும் பலகையை விட்டு எழுந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

கேஸ்கெட்டை எப்படி வெட்டுவது, போல்ட்டை எப்படி இறுக்குவது என்றெல்லாம் எழுதப்போவதில்லை. இறுக்குவதில் நீங்கள் என்னை மிஞ்சிவிட்டீர்கள். நான் வேலையை விடும் சமயத்தில்கூட உங்களில் ஒருவர் சம்ப் போல்ட்டை இறுக்கி, அதன் தலையைத் தனியாகக் கையில் எடுத்துவந்து பெருமையாகக் காட்டினார். நான் எழுதவந்தது வேறு. வண்டிக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து, "லீக்கு சுத்தமா நின்னுடுமா?" என்று கேட்கும்போது உங்கள் வாய் என்ன சொல்லவேண்டும் என்பது.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வருவதற்கு முன்னால், அறுபதுகளின் கடைசியில், நான் திருவள்ளூரில் ஒரு ஷெட்டில் வேலை பார்த்தேன். ஷெட்டுக்கு முதலாளி மேஸ்திரி. தெலுங்கு பேசுகிறவர். எல்லோரையும் நைனா என்பார். அந்த நைனாவில் எவ்வளவு காரம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் நாங்கள் அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வோம். எஞ்சின் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. "தெரியாது", "முடியாது" என்ற இரண்டு சொற்கள்தான் அவருக்குத் தெரியாது.

அந்த ஷெட்டுக்கு வரதன் ஒரு நாள் தன் டாக்சியை ஓட்டிக்கொண்டு வந்தான். பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள வீதியில், கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவன். நெற்றியில் நாமம், வாயில் டாக்சி ஸ்டாண்டு பாஷை. வீதிக்குள் நுழைந்ததும் பாஷையை மாற்றிக்கொள்வான், கியர் மாற்றுவதுபோல. கார் சீமையில் செய்தது. வெள்ளைக்காரர்கள் போகும்போது எடுத்துப்போகாத சாமான்களில் ஒன்று. ஏன் எடுத்துப்போகவில்லை என்பது அடியில் படுத்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

"இன்னா சாமி, வண்டி போற வயியெல்லாம் கோலம் போட்டுக்கினே வருது?" என்றான் எங்கள் பிட்டர் பாஷா.

"கிண்டல் பண்ணாதே பாஷா. பேஜாராயிடுச்சு" என்றான் வரதன்.

பேஜாரு என்னவென்றால், வரதன் டாக்சி ஓட்டியது போக மற்ற நேரத்தில் பெருமாளின் பல்லக்கைத் தூக்குகிறவன். அப்பாவுக்குப் பிறகு அந்தத் தோள் அவனுக்கு வந்தது. தூக்குகிறவர்கள் எல்லோரும் வெறுங்காலோடு நடப்பார்கள். போன வருஷத்து உற்சவத்தில் பல்லக்கு வரதனின் வீட்டைத் தாண்டும்போது, பின் தண்டில் இடது பக்கம் நின்ற ஒருவர் அங்கே இந்த வண்டி சொட்டித் தேங்கியிருந்த எண்ணெயில் கால்வைத்து வழுக்கிவிட்டார். பல்லக்கு ஒரு சாண் சாய்ந்தது. வீதியே "கோவிந்தா!" என்று அலறியது. ஒன்றும் ஆகவில்லை, பக்கத்திலிருந்தவர்கள் தாங்கிவிட்டார்கள். ஆனால் ஒன்றும் ஆகாத விஷயத்தைத்தான் நம் ஊரில் வருஷம் முழுக்கப் பேசுவார்கள்.

தூக்குகிறவர்களுக்கெல்லாம் தலைவர் வரதனின் பெரியப்பா. அவர் சொல்லிவிட்டார்: "வண்டியா, தோளா? இந்த உற்சவத்துக்குள்ளே ஒண்ணை விட்டுடு."

வேறு தெருவில் நிறுத்தலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. வேறு தெருவில் நிறுத்திப் பார்த்தான். ஸ்டெப்னி திருட்டுப் போயிற்று. பிறகு பேட்டரி போயிற்று. மூன்றாவதாக வண்டியே போவதற்குள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான். உற்சவம் முடியும்வரை ஷெட்டில் போடலாமே என்றால், வெளியூர்க் கூட்டம் வருகிற அந்த நாட்களில்தான் அவன் வண்டி ஓய்வில்லாமல் ஓடும். வண்டி சோறு போட்டது. தோள் அவன் அப்பாவுடையது. எதை விடுவது?

"எதையும் விட வாணாம் நைனா, வண்டிய என்கிட்ட விடு" என்றார் மேஸ்திரி.

நாங்கள் எல்லோரும் வேலையில் இறங்கினோம். ஆளுக்கு ஒரு லீக் கண்டுபிடித்தோம். பாஷா மேல்மூடி என்றான். நான் அடியில் எண்ணெய் நிற்கிற சம்ப் என்று நினைத்தேன், ஆனால் சொல்லவில்லை. மேஸ்திரி எல்லாம் என்றார். மேலே அடைத்தால் கீழே வந்தது. கீழே அடைத்தால் பக்கவாட்டில் வந்தது. பக்கவாட்டில் அடைத்தபோது, நாங்கள் அதுவரை கேள்விப்படாத இடங்களிலிருந்தெல்லாம் வந்தது. வரதன் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கொடியேத்தத்துக்கு நாளாவுது மேஸ்திரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வேலை சீக்கிரம் முடிய இதைவிட நல்ல உதவி வேறு கிடையாது.

எஞ்சினின் பக்கத்தில் மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. உள்ளே சேரும் புகையும் காற்றும் அந்த வழியாக வெளியே போகும். அந்தக் குழாயின் வாயில் மஞ்சள் பட்டு அழகாகச் சொருகியிருந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். "பெருமாள் சாத்திண்ட பட்டு" என்று வரதன் முதல் நாளே சொல்லியிருந்தான். என்ன வேண்டுதலோ என்று யாரும் கிட்டப்போகவில்லை. பாஷாகூட ஸ்பானர் அதில் பட்டுவிடாமல் கையை வளைத்து வளைத்து வேலை செய்தான். இத்தனை மரியாதையை அந்தப் பட்டு கோயிலில்கூடப் பார்த்திருக்காது.

கடைசியில் மேஸ்திரிதான் எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகினார். மூடி கையை விட்டுப் பறந்தது. பின்னாலேயே எண்ணெயும் வந்து அவர் முகத்தில் அடித்தது. முகத்தைத் துடைக்காமலேயே அவர் அந்தப் பட்டைப் பார்த்தார்.

"சாமி, அதுல எதுக்குத் துணி வெச்சே?"

"கோயில் பிரசாதம் ஏத்திண்டு போறச்சே எண்ணெய்ப் புகை நாத்தம் வருதுன்னு சொன்னா. அம்மாதான் கண்ட துணியை வெக்காதேன்னு பட்டு குடுத்தா."

"உங்கம்மா மூக்கை நான் பட்டுல அடைச்சா மூச்சு உடுவாங்களா? மூச்சு உட வயி இல்லாமத்தாண்டா அது கண்ட எடத்துல எண்ணெய் கக்குது! எடு நைனா அத. நீயே எடு. நான் தொடமாட்டேன்."

வரதன் பம்ப்படியில் கைகால் கழுவிக்கொண்டு வந்து எடுத்தான். கன்னங்கரேலென்று எண்ணெய் சொட்டிய அந்தப் பட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், கண்ணும் கறுப்பானது. குப்பையில் போட யாருக்கும் துணிவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த கொய்யா மரத்தில் உயரமான கிளையாகப் பார்த்துக் கட்டினோம்.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வண்டியில் எதையாவது பார்த்து "அதைத் தொடக்கூடாது" என்று உங்களுக்குத் தோன்றினால், தொட வேண்டாம். ஆனால் அது எதற்கு அங்கே இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டிருந்தால் எஞ்சினை இரண்டு தடவை பிரித்துப் பூட்டியிருக்க வேண்டாம்.

பட்டை எடுத்ததும் எஞ்சின் அடங்கியது. அடியில் தட்டு அளவுக்கு விழுந்த கறை வெற்றிலை அளவானது. மற்ற லீக்குகளும் சரியானதும் காசு அளவானது. அதோடு நின்றுவிட்டது. நின்றது எங்கள் வேலைதான், சொட்டு அல்ல. அந்தக் காலத்துச் சீமை எஞ்சினில் பின்பக்கத்து பேரிங்கில் சீலே கிடையாது. எஞ்சினுக்குள் சுற்றும் இரும்புத் தண்டில் ஒரு மரை வெட்டி, அது எண்ணெயை உள்ளே தள்ளும் என்று நம்பி விட்டுவிட்டார்கள். மரையும் முடிந்தவரை தள்ளும். முடியாதது சொட்டும். அது வியாதியில்லை, பிறவி.

இதைச் சொல்லி வண்டியைக் கொடுத்திருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பாவே ஷெட்டுக்கு வந்தார். ஒல்லியான உயரமான மனிதர். தண்டு சுமந்து சுமந்து தோளில் ஒரு காய்ப்பு.

"நின்னுடுத்தா?" என்று கேட்டார்.

"ஒரு சொட்டு வியுந்தா எம்மீசைய எடுத்துர்றேன் சாமி" என்றார் மேஸ்திரி.

"உம்ம மீசை எனக்கு எதுக்கு? கொடியேத்தத்துக்கு மொத நாள் சாயங்காலம் வண்டிக்கு அடியிலே என் வேஷ்டியை விரிப்பேன். காலம்பற வந்து பார்ப்பேன். ஒரு பொட்டு இருந்தாலும் அவன் பல்லக்கைத் தொடக்கூடாது."

அவர் போனதும் வரதன் திண்டாடிப்போனான். "ஏன் மேஸ்திரி அப்படிச் சொன்னே? அது சொட்டுமே!"

"சொட்டாது நைனா" என்றார் மேஸ்திரி. என்னைப் பார்த்தார். "ஆயிலை எறக்கு."

"எவ்ளோ?" என்றேன்.

"எல்லாத்தயும்."

எஞ்சினில் எண்ணெயே இல்லாவிட்டால் எப்படிச் சொட்டும்? இவ்வளவு சுலபமான வைத்தியம் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"இது பொய்யில்லையா?" என்றான் வரதன்.

"ஒரு சொட்டு வியாதுன்னேன். வியாது. இதுல இன்னா பொய்யி?"

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "இன்னா?" என்றார் மேஸ்திரி. "ஒண்ணுமில்ல" என்றேன்.

எண்ணெயை வடித்து, சம்பைத் துடைத்து, வண்டியை வீதிவரைக்கும் தள்ளிக்கொண்டே போனோம். கேட்டவர்களுக்கெல்லாம் பேட்டரி டவுன் என்று பதில். பெரியப்பா தும்பைப்பூ மாதிரி ஒரு வேட்டியைக் கொண்டுவந்து தானே விரித்தார். காலையில் அவர் பார்த்துவிட்டுப் போனதும் நான் சத்தமில்லாமல் எண்ணெயை ஊற்றிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆளைக் கண்டால் ஒதுங்குகிறவன் என்பதால் இந்த வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார் மேஸ்திரி. அவர் வரவில்லை. காலையில் முக்கியமான வேலை இருக்கிறது என்றார். நாஷ்டா சாப்பிடுவதாக இருக்கும்.

விடிந்ததும் கோணிப்பைக்குள் ஆயில் டின்னை வைத்துக்கொண்டு எதிர்வீட்டுச் சுவரோரமாக நின்றேன். பெரியப்பா வந்தார். கூடவே, குளித்து நாமம் இட்டு, பல்லக்குத் தூக்குகிறவர்கள் நாலைந்து பேர். வேட்டியை உருவி இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்னும் பின்னும் பார்த்தார். அத்தனை வெள்ளையாக இருந்தது.

"பரவாயில்லையே!" என்றார். வரதனின் தோளில் தட்டினார். வரதன் சிரிக்க முயற்சி செய்தான்.

அவர் போய்விடுவார் என்று நான் பையை அவிழ்க்க ஆரம்பித்தேன். அவர் பின்கதவைத் திறந்து வண்டிக்குள் உட்கார்ந்தார்.

"நாயனக்காரா ரயில்லே வந்து எறங்கறா. ஸ்டேஷனுக்கு விடு. இன்னிக்குக் குதிரை வண்டி ஒண்ணும் கிடைக்கலை."

"பேட்டரி டவுன் பெரியப்பா..."

"தெரியும். நேத்திக்கு நீங்க தள்ளிண்டு வந்ததைத்தான் ஊரே பார்த்ததே. தள்ளினா எழுந்துக்கும்தானே? தோளுக்கா பஞ்சம்? வாங்கோடா!"

தூக்குகிறவர்கள் வண்டிக்குப் பின்னால் போனார்கள். வரதன் உட்கார்ந்தான். வண்டி நகர்ந்தது.

அவர்களுக்குப் பல்லக்கு நடைதான் பழக்கம். அதே நடையில், அதே அசைவில் தள்ளினார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் "கோவிந்தா!" என்று குரல் கொடுத்தார். கோலமாவும் கையுமாகப் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். ஒரு மாமி கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே எழுந்தருளியிருப்பது யார் என்று பார்த்தாள். இப்படியாகப் பெருமாளுக்கு முன்பே பெரியப்பாவுக்கு வீதி புறப்பாடு ஆரம்பமானது.

தள்ளி ஸ்டார்ட் செய்வது உங்களுக்குத் தெரியும். கிளட்ச்சை விட்டால் எஞ்சின் சுற்றும். எண்ணெய் இல்லாமல் சுற்றினால் ஸ்டேஷன் போய்ச்சேர்வதற்குள் பேரிங் போகும். பேரிங் போனால் வரதன் வீட்டு அடுப்பு போகும். விடாவிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் தோள் போகும். அவனுடைய இடது கால் கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்தது. வேறெதையும் செய்ய அதற்குத் தெரியவில்லை.

நான் டின்னை அணைத்துக்கொண்டு வண்டியோடு ஓடினேன்.

"ஏண்டா, இத்தனை தூரம் வந்தும் எழுந்துக்கலையே?"

"இன்னும் கொஞ்சம் தள்ளணும் பெரியப்பா."

மூலை திரும்பி அடுத்த வீதிக்கு வந்துவிட்டோம். பின்னாலிருந்து ஒருவர் மூச்சுவாங்க, "வரதா, ஸ்டார்ட் பண்ணப்போறியா, இல்லே இப்படியே ஸ்டேஷனுக்கா?" என்றார். இன்னொருத்தர், "பெருமாளே தேவலைடா, கனமே தெரியாது" என்றார். பெரியப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மொதல்லே கிளட்சை விடுடா!" என்று கத்தினார். இத்தனை வருஷம் பின்சீட்டில் உட்கார்ந்து அவரும் கொஞ்சம் தெரிந்துவைத்திருந்தார். வரதன் என்னைப் பார்த்தான். கிளட்ச்சை மிதித்திருந்த அவன் கால் மேலே எழும்பப் பார்த்தது. இனி தாங்காது என்று எனக்குத் தெரிந்தது.

கூப்பிட எனக்குக் குரல் வராது. ஆகவே முன்னால் ஓடி வண்டிக்கு எதிரே நின்று பானெட்டில் கையை வைத்தேன். பின்னால் தள்ளுகிறவர்களுக்கு நான் தெரியவில்லை. தள்ளிக்கொண்டே வந்தார்கள். நான் கையை எடுக்காமல் பின்னோக்கி நடந்தேன். கடைசியில் வரதன் பிரேக்கை மிதித்தான்.

"யார் நீ?" என்றார் பெரியப்பா.

"ஷெட்டு..."

"என்ன வேணும்?"

"ஆயில் ஊத்தணும் சாமி."

"இப்போவா? எவ்வளவு?"

வீதியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. படுத்துக்கொள்ள வண்டிக்கு அடியில் இடம் இருந்தது. "முழுசா" என்றேன்.

நான் பானெட்டைத் திறந்து ஊற்ற ஆரம்பித்தேன். அந்த டின் அன்றைக்கு மட்டும் குடத்தைக் கவிழ்த்ததுபோல் கடகடவென்று சத்தம் போட்டது, தீரவே மாட்டேன் என்றது. பெரியப்பா கீழே இறங்கி, கடைசிச் சொட்டுவரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"என் வேஷ்டி வெளுப்பா இருந்ததுக்கு இதுதான் காரணமா?"

"ஆமா பெரியப்பா" என்றான் வரதன். அவனும் இறங்கியிருந்தான்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "இனிமே சொட்டுமா?"

மேஸ்திரி அங்கே இல்லை. மீசையைப் பந்தயம் வைக்க எனக்கு மீசையும் சரியாக வளராது.

"சொட்டும் சாமி. மின்னமாரி இல்ல, கொஞ்சமாத்தான். ஆனா நிக்காது. அந்த எஞ்சின் பொறப்பே அப்படி."

என் வாழ்நாளில் முன்பின் தெரியாதவரிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"ரெண்டுலே ஒண்ணை விடச் சொன்னேன். நீ ரெண்டையும் வெச்சுக்கப் பார்த்தே" என்றார் பெரியப்பா.

"ரெண்டும் வேணும் பெரியப்பா" என்றான் வரதன்.

தூக்குகிறவர்கள் வண்டியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அவர்களைப் பார்த்தார், வரதனின் கால்களைப் பார்த்தார்.

"இன்னிக்குப் பின் தண்டுலே இடது பக்கம் நீ நில்லு. உன் எண்ணெயிலே வேறே ஒருத்தன் கால் வெக்க வேண்டாம், நீயே வெச்சு நட. சாய்ஞ்சுதோ, அத்தோட தோளும் இல்லை, வண்டிக்கு வாசலும் இல்லை." பிறகு ஏறி உட்கார்ந்தார். "அதான் ஊத்தியாச்சே. தள்ளுங்கோ. நாயனக்காரா காத்திண்டிருப்பா."

இந்த முறை தள்ளியதும் எஞ்சின் எழுந்துவிட்டது.

எனக்கு அன்றைக்கு ஷெட்டில் கிடைத்த பாராட்டை இங்கே எழுத முடியாது. பாதி தெலுங்கு, மீதி அச்சில் ஏறாது. "வாயத் தொறக்காதவன்னு நம்பி அனுப்சா, டின்னத் தொறந்துட்டு வந்துக்கீறான்" என்பது அதிலேயே மென்மையான பகுதி. மேஸ்திரியிடம் எஞ்சினைப் பற்றி நான் கற்றது எல்லாம் சரிதான். ஆனால் சொட்டாது என்று சொன்னவர் அவர், வழுக்கப்போவது வரதனின் கால். நீங்கள் வாக்குக் கொடுக்கும்போதும் அப்படித்தான், வழுக்குவது உங்கள் காலாக இருக்காது. "குறையும், நிற்காது" என்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிஷம் வண்டிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். கஷ்டம்தான். எனக்குத் தெரியாதா?

அன்று புறப்பாட்டுக்கு முன்னால் வரதன் தன் வீட்டு வாசலைச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்தான். சீயக்காய் போட்டுத் தேய்த்தான். அவன் அம்மா வெந்நீர் ஊற்றினாள். வீதியிலேயே அந்த இடம் மட்டும் தனி வெள்ளையாகத் தெரிந்தது. தேய்த்ததும் போதாதென்று, எங்கே எது மிச்சமிருக்கிறதோ என்று உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு குளிக்கப் போனான்.

நாயனச் சத்தத்தோடு பல்லக்கு வீதிக்குள் வந்தது. பின் தண்டில் இடது பக்கம் வரதன். காலையில் நடந்தது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவன் வீட்டை நெருங்க நெருங்கப் பேச்சு அடங்கியது. சேவிக்க வந்தவர்கள் ஒருவர்கூடப் பெருமாளைப் பார்க்கவில்லை, அத்தனை பேரும் குனிந்து வரதனின் பாதத்தையே பார்த்தார்கள். பல்லக்கின் பக்கத்தில் நடந்துவந்த பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"என்னத்தைக் கீழே பார்க்கறேள்? பெருமாள் மேலே இருக்கார்!"

எல்லோரும் சட்டென்று நிமிர்ந்து கைகூப்பினார்கள். நான் நிமிரவில்லை. வரதனின் இடது கால் அப்போதுதான் தரையை விட்டு எழும்பியிருந்தது. விரல்களை விரித்து, கல்லைக் கவ்விப் பிடிப்பதுபோல் அதைத் தான் தேய்த்த வெள்ளை இடத்தில் வைத்தான். மறு காலை எடுத்தான். பல்லக்கு அசைந்தபடி போய்க்கொண்டிருந்தது.